நிக்கிற டேங்க் மட்டும் ஏன் மறையுது? டிஐஎஸ், ஹெச்எல்ஏ பத்தி கேட்டவருக்கு

டிஐஎஸ் (டிஸ்ட்ரிபியூட்டட் இன்டராக்டிவ் சிமுலேஷன்), ஹெச்எல்ஏ (ஹை லெவல் ஆர்க்கிடெக்சர்) ரெண்டும் வேற வேற சிமுலேட்டர்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிறதுக்கான ஸ்டாண்டர்டுகள். கேள்வி இதுதான். ஒரு கம்பெனி டேங்க் சிமுலேட்டர் செய்யுது, இன்னொரு கம்பெனி ஹெலிகாப்டர் சிமுலேட்டர் செய்யுது, ரெண்டும் வேற வேற ஊர்ல இருக்கு, ஆனா ஒரே போர்க்களத்துல ஒண்ணை ஒண்ணு பார்த்து சுட்டுக்குது, இது எப்படி சாத்தியம்? இந்தத் துறையில புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கேன், டிஐஎஸ் படிக்கிறதா ஹெச்எல்ஏ படிக்கிறதா, டிஐஎஸ் ரொம்பப் பழசுன்னு டீம்ல எல்லாரும் சொல்றாங்களே?

நான் பல வருஷமா வேற வேற ஆளுங்க செஞ்ச சிமுலேட்டர்களை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற வேலைதான் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். முதல்ல டிஐஎஸ் படிங்க. மேலோட்டமா வேணாம், பைட் பைட்டா படிங்க. ஹெச்எல்ஏ அப்புறம் தானா புரியும், ஏன்னா ஹெச்எல்ஏ எந்தக் குறையைத் தீர்க்க வந்துச்சுன்னு தெரியாம அதைப் படிச்சா வெறும் ஃபங்ஷன் பேருங்கதான் மனசுல நிக்கும்.

கதை 1983ல ஆரம்பிக்குது. அமெரிக்க பாதுகாப்புத் துறையோட ஆராய்ச்சி அமைப்பு தார்பா, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டுக்குப் பணம் போட்டது அவங்கதான். அங்க ஜாக் தார்ப்னு ஒரு விமானப்படை அதிகாரி சிம்நெட்ங்கிற திட்டத்தைத் தொடங்கினாரு. அதுக்கு முன்னாடி சிமுலேட்டர்னா ஒரு பெரிய விலையுயர்ந்த மெஷின், ஒரு ரூம்ல தனியா இருக்கும், ஒரு பைலட்டோ ஒரு டேங்க் குழுவோ அதுல உக்காந்து தன் வண்டியை ஓட்டப் பழகும், அவ்வளவுதான். ஆனா போர்ல ஜெயிக்கிறதும் தோக்குறதும் பக்கத்து டேங்க் எங்க இருக்கு, யார் யாருக்கு கவர் கொடுக்குறாங்க, ரேடியோவுல என்ன பேசிக்கிறாங்கங்கிறதுலதான இருக்கு, அதைப் பழக ஒரே வழி நிஜ மைதானத்துல நிஜ டேங்குகளை இறக்குறதுதான், அதுக்கு ஆகுற செலவு பயங்கரம். தார்ப் சொன்ன வழி வேற. ஒவ்வொரு சிமுலேட்டரும் மலிவா இருக்கட்டும், டேங்குக்குள்ள இருக்குற எல்லா ஸ்விட்சும் வேலை செய்யணும்னு அவசியமில்ல, சண்டைக்கு எது தேவையோ அது மட்டும் சரியா இருந்தா போதும், ஆனா நூத்துக்கணக்குல செஞ்சு நெட்வொர்க்ல கோத்துடலாம். நெட்வொர்க் வேலையை பிபிஎன் கம்பெனி பாத்துச்சு, ஆர்பாநெட்டோட முதல் நோடுகளைக் கட்டினவங்களும் அவங்கதான். கென்டக்கியில ஃபோர்ட் நாக்ஸ்ல எம்1 டேங்க் சிமுலேட்டர்களை வரிசையா வெச்சாங்க, 1990 வாக்குல பல தளங்கள்ல சேர்த்து 200க்கு மேல ஓடிட்டிருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இத்தனை டேங்கையும் இணைக்கணும்னா யாருக்கும் முதல்ல தோணுறது நடுவுல ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதுதான் உலகத்தோட நிலவரத்தை வெச்சிருக்கும், எல்லாரும் அதுகிட்ட கேட்டுக்கணும்ங்கிற டிசைன்தான். சிம்நெட் ஆளுங்க அதை வேணாம்னுட்டாங்க. நடுவுல யாருமே கிடையாது. ஒவ்வொரு சிமுலேட்டரும் தன்னைப் பத்தின உண்மையை மட்டும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லும், நான் இங்க இருக்கேன், இந்த வேகத்துல போறேன், என் பீரங்கி இந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு. கேக்குறவங்க அதுலேருந்து தனக்கு என்ன தெரியும்னு தானே கணக்குப் போட்டுக்கணும், நடுவுல மலை இருக்கா, புகை மறைக்குதா, ராத்திரியில தெர்மல் சைட்ல பாத்தா எப்படித் தெரியும்னு எல்லாமே வாங்குறவர் பொறுப்பு. யார் ஒருத்தர் கழண்டுக்கிட்டாலும் மத்தவங்க சண்டை பாட்டுக்கு நடக்கும்.

இதுல ஒரு சிக்கல் வரும், கணக்கு போட்டுப் பாத்தா உடனே புரியும். சிம்நெட்டோட வாரிசான டிஐஎஸ்ல இன்னைக்கு ஒரு வண்டியோட நிலவரம் சொல்ற பாக்கெட் குறைஞ்சது 144 பைட். அதுக்கு மேல நெட்வொர்க்ல போறதுக்காக ஒட்டுற யூடிபி 8, ஐபி 20, ஈத்தர்நெட் 18 சேர்த்தா 190 பைட், அதாவது 1520 பிட். ஆயிரம் வண்டி, ஒவ்வொண்ணும் செகண்டுக்கு 15 தடவை நிலவரம் சொன்னா 22.8 மெகாபிட். அந்தக் காலத்து ஈத்தர்நெட் மொத்தமே 10 மெகாபிட்தான், ஊர் விட்டு ஊர் போற டி1 லைன் 1.544 மெகாபிட்தான். எப்படி அடைப்பீங்க?

இங்கதான் டெட் ரெக்கனிங் வருது, இந்த ஸ்டாண்டர்டோட உயிர்நாடின்னு நான் நினைக்கிறது இதைத்தான். பேரு கப்பல்காரங்ககிட்டேருந்து வந்தது, கடைசியா தெரிஞ்ச இடம், வேகம், திசை, கடந்த நேரம் இதை வெச்சு இப்ப எங்க இருப்போம்னு கணிக்கிறது. நெட்வொர்க்ல இதை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னா, என் டேங்க் ஒரு தடவை நிலவரம் சொல்லிடுது. கேட்ட எல்லாரும் அடுத்த பாக்கெட் வர்ற வரைக்கும் அதே வேகத்துல அதே திசையில அந்த டேங்கை தாங்களே நகத்திட்டிருப்பாங்க. என் சிமுலேட்டரும் அதே கணக்கை தனக்குள்ள ஓட்டும், அதாவது மத்தவங்க கண்ணுல நான் இப்ப எங்க தெரியிறேன்னு எனக்கே தெரியும். நான் நிஜமா இருக்குற இடத்துக்கும் அவங்க நினைச்சிட்டிருக்குற இடத்துக்கும் 1 மீட்டருக்கு மேல வித்தியாசம் வந்துட்டா, இல்ல திசை 3 டிகிரிக்கு மேல விலகிட்டா, அப்பத்தான் அடுத்த பாக்கெட் அனுப்புவேன். நேரா ரோட்ல போற டேங்க் பேச வேண்டியதே இல்ல, வளைஞ்சு நெளிஞ்சு பறக்குற ஃபைட்டர் விமானம் நிறைய பேசும். சராசரியா வண்டிக்கு செகண்டுக்கு ஒண்ணுன்னு குறைஞ்சாலே ஆயிரம் வண்டியும் 1.52 மெகாபிட்டுக்குள்ள அடங்கிடும், மேல சொன்ன டி1 லைன் இருக்குல்ல, அதுக்குள்ளயே போயிடும்.

யோசிச்சுப் பாருங்க, ஒருத்தரை ஒருத்தர் பாக்காத ரெண்டு கம்பெனி, யாரும் எதுவும் பேசாத நேரத்துல ரெண்டு பேரும் ஒரே மாதிரி கணிக்கணும்னு முன்கூட்டியே ஒப்புக்கிட்டிருக்காங்க. பாக்கெட்லயே எந்தக் கணக்கை வெச்சுக் கணிக்கணும்னு ஒரு பைட்ல நம்பர் இருக்கும், 1 போட்டா நகராது, 2 போட்டா திசை மாறாம ஒரே வேகத்துல போகும், 4 போட்டா முடுக்கமும் சுழற்சியும் சேத்து, இப்படி 9 வரைக்கும் போகும்.

சரி, நேரா போற வண்டி பேசவே வேணாம்னா நடுவுல புதுசா சேர்றவருக்கு அது எப்படித் தெரியும், அந்த மெஷின் செத்தே போயிட்டா எப்படித் தெரியும்? அதுக்குத்தான் ஹார்ட்பீட். எதுவும் மாறலைன்னாலும் 5 செகண்டுக்கு ஒரு தடவை நிலவரம் சொல்லணும். 12 செகண்ட் வரைக்கும் ஒரு வண்டிகிட்டேருந்து ஒண்ணும் வரலைன்னா, வாங்குறவர் அதைத் தன் உலகத்துலேருந்து தூக்கிடணும். இது வழக்கமான அளவு, பயிற்சிக்கு முன்னாடி எல்லாரும் பேசி மாத்திக்கலாம்.

இதை எழுத்துல படிக்கிறப்ப ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியும். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு இணைப்புச் சோதனையில ஹெலிகாப்டர் பைலட் ரேடியோவுல கத்துறாரு, எதிரி டேங்க் ரெண்டு மரத்துக்குப் பின்னாடி வந்து நின்னுச்சு, நான் குறி வெச்சிட்டிருக்கேன், திடீர்னு காணோம்னு. டேங்க் பக்கம் ஓடிப்போய் பாத்தா வண்டி அங்கேயே ஜம்முனு நிக்குது. நகர ஆரம்பிச்ச உடனே ஹெலிகாப்டர்ல மறுபடி தெரியுது, நின்னா கொஞ்ச நேரத்துல மறையுது. ரெண்டு நாள் கிராஃபிக்ஸ் ஆளுங்களை வெச்சு மாடல், டெக்ஸ்சர், மரம் எல்லாத்தையும் நோண்டினோம். மூணாவது நாள் சீனியர் ஒருத்தர் வந்து நெட்வொர்க்ல போற பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க்கை ஓட விட்டு, கையில ஸ்டாப்வாட்ச்சை வெச்சுக்கிட்டு டேங்க் ட்ரைவரை நிறுத்தச் சொன்னாரு. கடைசி பாக்கெட் வந்ததுலேருந்து எண்ணினாரு, சரியா 12ல டேங்க் காணாம போச்சு. விஷயம் என்னன்னா டேங்க் மென்பொருள் எழுதினவங்க மாற்றம் இருந்தா அனுப்புங்கிற பாதியை எழுதிட்டு ஹார்ட்பீட்டை விட்டுட்டாங்க. அவங்க சோதிச்சப்ப எல்லாம் டேங்க் ஓடிட்டே இருந்திருக்கு, அதனால தெரியவே இல்ல. ஒளிஞ்சு நிக்கிற டேங்க்தான் போர்ல ரொம்ப ஆபத்தானது, அது மட்டும் மறையுதுன்னா அந்த பைலட் என்ன பழகிட்டுப் போவாரு? எனக்கு இன்னைக்கும் அது உறுத்துது.

அந்த 144 பைட்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை உக்காந்து பாருங்க. முதல் 12 பைட் ஹெட்டர், பதிப்பு, எந்தப் பயிற்சி, என்ன வகை பாக்கெட், நேரம், நீளம். அடுத்து அடையாளம், தளம், அப்ளிகேஷன், வண்டி அப்படின்னு மூணு நம்பர், ஒவ்வொண்ணும் 16 பிட். ரெண்டு மெஷினுக்கு தெரியாம ஒரே தள நம்பரும் அப்ளிகேஷன் நம்பரும் கொடுத்துட்டீங்கன்னா ஒரே டேங்க் ரெண்டு இடத்துக்கு மாறி மாறி குதிக்கும், அப்படி ஒரு காட்சி பாத்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். அப்புறம் எந்தப் பக்கம், அப்புறம் என்ன வகை வண்டி. வகை 8 பைட்ல ஏழு நம்பரா வரும், 1 வாகனம், 1 தரை, 225 அமெரிக்கா, 1 டேங்க், 1 ஏப்ரம்ஸ், அதுக்குக் கீழ எந்த மாடல்னு போகும். இந்த நம்பருங்களோட பெரிய பட்டியலை சிசோங்கிற அமைப்பு வெச்சிருக்கு, தொடர்ந்து புதுப்பிச்சிட்டே இருக்காங்க, பயிற்சிக்கு முன்னாடி எந்தப் பதிப்புன்னு ரெண்டு பக்கமும் பேசி எழுதி வெச்சுக்கோங்க.

இடம் சொல்றதுல ஒரு அழகு இருக்கு. அட்சரேகை தீர்க்கரேகை கிடையாது, பூமியோட மையத்தை பூஜ்யமா வெச்சு மூணு திசையில எத்தனை மீட்டர்னு சொல்றாங்க, மூணும் 64 பிட். ஏன் 64? பூமியோட ஆரம் கிட்டத்தட்ட 64 லட்சம் மீட்டர். 32 பிட் ஃப்ளோட்ல 42 லட்சத்துக்கும் 84 லட்சத்துக்கும் நடுவுல இருக்குற நம்பர்கள் அரை மீட்டர் இடைவெளியிலதான் இருக்கு, அதுக்கு நடுவுல எதையும் எழுத முடியாது. ஸ்டாண்டர்ட் இதை யோசிச்சு 64 கொடுத்திருக்கு, ஆனா உள்ள வாங்கின உடனே கிராஃபிக்ஸ் கார்டுக்கு வசதின்னு நேரா 32க்கு மாத்திடுறவங்க இருக்காங்க, அப்ப டேங்க் வழுக்கிட்டுப் போறதுக்குப் பதிலா அரை மீட்டர் அரை மீட்டரா நடுங்கி நடுங்கிப் போகும். முதல்ல உள்ளூர் மைதானத்தோட மூலையைக் கழிச்சுட்டு அப்புறம் 32க்கு மாத்துங்க, சரியாயிடும்.

இப்ப சுடுறது. நீங்க கேட்டதுல முக்கியமான பகுதி இதுதான். ஹெலிகாப்டர் சுட்டா ஒரு ஃபயர் பாக்கெட் போகும், குண்டு விழுந்ததும் டெட்டனேஷன் பாக்கெட் போகும், எந்த இடத்துல, எந்த வகைக் குண்டு, யார் மேலன்னு. ஆனா டேங்க் செத்துச்சா இல்லையான்னு சுட்டவர் முடிவு பண்ண மாட்டாரு. அடி வாங்கின டேங்க்தான் தானே முடிவு பண்ணும். என் கவசம் எங்க தடிமன், எங்க மெல்லிசு, குண்டு எந்தக் கோணத்துல பட்டுச்சுங்கிறது எனக்குத்தான தெரியும். கணக்குப் போட்டுட்டு அடுத்த நிலவரப் பாக்கெட்ல எரியுது, நகர முடியல, அழிஞ்சுடுச்சுன்னு தோற்ற பிட்டுகளை மாத்தி அனுப்பும், எல்லார் திரையிலயும் புகை வரும். அடி வாங்கினவர் வாயாலேயே தன் சாவைச் சொல்ல வைக்கிற ஏற்பாடு இது, நேர்மை இல்லைன்னா ஓடவே ஓடாது.

நேர்மை கெடாமலே கெட்டுப் போறதும் உண்டு. இன்னொரு சோதனையில ஒரு டேங்க் சாகவே மாட்டேங்குது, ஏவுகணை நேரா டரெட்ல, அதாவது பீரங்கி இருக்குற சுழலும் மேல்பகுதியில வெடிக்குது, ஒண்ணும் ஆகல. கடைசியில பாத்தா சுட்டவங்க புதுப் பட்டியல்ல இருக்குற குண்டு நம்பரை அனுப்பியிருக்காங்க, டேங்க் மென்பொருள்ல இருந்தது பழைய பட்டியல், தெரியாத குண்டு வந்தா சேதம் பூஜ்யம்னு எழுதி வெச்சிருந்தாங்க. பாக்கெட் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டர்ட் படி அச்சு அசலா சரி. அதனாலதான் சொல்றேன், சான்றிதழ் சோதனை பாஸ் ஆயிடுச்சுன்னா நியாயமான சண்டை கிடைச்சிடும்னு நம்பாதீங்க. மைதானமும் அப்படித்தான், ரெண்டு கம்பெனி ஒரே மலையை வேற வேற முக்கோணங்களா வெட்டியிருந்தா ஒருத்தர் திரையில மறைவா நிக்கிற டேங்க் இன்னொருத்தர் திரையில வெட்ட வெளியில மிதக்கும், இதுக்கு டிஐஎஸ்லயும் பதில் இல்ல ஹெச்எல்ஏவுலயும் பதில் இல்ல, தரைத் தரவை தனியா உக்காந்து ஒப்பிடணும்.

தாமதத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்காங்க. ரெண்டு விமானம் ஒட்டிப் பறக்குற மாதிரி நெருக்கமான விஷயங்களுக்கு 100 மில்லிசெகண்ட், மத்ததுக்கு 300. இதை மீறினா ஆள் கையில இருக்குற ஸ்டிக்குக்கும் கண்ணுல தெரியிறதுக்கும் பொருத்தம் போயிடும்.

எல்லா உண்மையும் பாக்கெட்டா நெட்வொர்க்ல போறதுல இன்னொரு பலன், எல்லாத்தையும் பதிவு பண்ணி மறுபடி ஓட்டலாம், யார் கண்ணுக்கும் தெரியாத பார்வையாளரா நடுவுல பறந்து போய் பாக்கலாம். 1991 பிப்ரவரி 26ம் தேதி இராக் பாலைவனத்துல நடந்த, 73 ஈஸ்டிங்னு பேர் வந்த டேங்க் சண்டையை, அதுல இருந்த வீரர்களைப் பேட்டி எடுத்து, ஒவ்வொரு வண்டியா சிம்நெட்ல மறுபடி கட்டினாங்க. முடிஞ்சு போன சண்டைக்குள்ள எந்த நிமிஷத்துக்கும் போய், எந்த டேங்க் பக்கத்துலயும் நின்னு பாக்க முடிஞ்சுது.

சிம்நெட் ஒரு திட்டத்துக்குள்ள இருந்த ப்ரோட்டோகால், அதை எல்லாருக்குமான ஸ்டாண்டர்டா மாத்துற வேலை 1989ல ஆர்லாண்டோவுல கூட்டங்களா ஆரம்பிச்சுது, கம்பெனிக்காரங்க, ராணுவத்துக்காரங்க, பல்கலைக்கழகத்துக்காரங்க எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து பைட் பைட்டா சண்டை போட்டு 1993ல ஐட்ரிபிள்ஈங்கிற இன்ஜினியர்கள் சங்கத்தோட 1278ங்கிற ஸ்டாண்டர்ட் வந்துச்சு, அதுதான் டிஐஎஸ். 1995ல 1278.1, 1998ல ஒரு சேர்க்கை, 2012ல ஏழாவது பதிப்பு.

இப்ப ஹெச்எல்ஏ. டிஐஎஸ்ல கடிகாரம் நிஜக் கடிகாரம்தான், ஒரு செகண்ட்னா ஒரு செகண்ட். ஆனா ராணுவத்துல இன்னொரு வகை சிமுலேஷனும் இருக்கு, பட்டாலியன், டிவிஷன்னு பெரிய அளவுல பத்து நாள் போரை ரெண்டு மணி நேரத்துல ஓட்டிப் பாக்குறது, அதுல காரணம் முதல்ல விளைவு அப்புறம்ங்கிற வரிசை தப்பவே கூடாது. அதுக்கு ஏஎல்எஸ்பின்னு தனியா ஒண்ணு வெச்சிருந்தாங்க. ரெண்டு குடும்பத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வரணும்னு 1996ல அமெரிக்க பாதுகாப்புத் துறை ஹெச்எல்ஏவை அறிவிச்சுது. துணைச் செயலர் பால் காமின்ஸ்கி அந்த செப்டம்பர்ல ஒரு உத்தரவே போட்டாரு, 1999 நிதியாண்டுலேருந்து ஹெச்எல்ஏவுக்கு ஒத்துவராத சிமுலேஷனை உருவாக்கப் பணம் இல்ல, 2001லேருந்து பழசை வெச்சுக்கவும் கூடாதுன்னு. 2000ல அது ஐட்ரிபிள்ஈ 1516 ஆச்சு, 2010லயும் 2025லயும் திருத்தி வெளியிட்டாங்க. நேட்டோவும் ஏத்துக்கிச்சு.

அதுல ஒவ்வொரு சிமுலேட்டரும் ஃபெடரேட், எல்லாம் சேந்தது ஃபெடரேஷன், நடுவுல ரன்-டைம் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், சுருக்கமா ஆர்டிஐன்னு ஒரு மென்பொருள். எனக்கு வேணுங்கிறதை மட்டும் கேட்டு வாங்கிக்கலாம், டிஐஎஸ் மாதிரி ஊர் சத்தம் முழுக்கக் காதுல விழாது. ஒரு ஏவுகணையோட பொறுப்பை ஒரு சிமுலேட்டர்லேருந்து இன்னொண்ணுக்கு முறைப்படி கைமாத்தலாம். நேர மேலாண்மை இருக்கு, அடுத்த இவ்வளவு நேரத்துக்கு நான் எதுவும் அனுப்ப மாட்டேன்னு ஒவ்வொருத்தரும் வாக்கு கொடுக்குறாங்க, அந்த வாக்கை வெச்சு மத்தவங்க எவ்வளவு தூரம் தைரியமா முன்னாடி போகலாம்னு ஆர்டிஐ கணக்குப் போட்டுச் சொல்லும். இந்த நேர மேலாண்மை நிஜமாவே பெரிய சாதனை, டிஐஎஸ்ல இதுக்கு இடமே இல்ல.

ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. டிஐஎஸ் வயர்ல போற பிட்டுகளை நிர்ணயிக்குது. ஹெச்எல்ஏ உங்க ப்ரோக்ராமுக்கும் ஆர்டிஐக்கும் நடுவுல இருக்குற ஃபங்ஷன் அழைப்புகளை நிர்ணயிக்குது, ஆர்டிஐ உள்ளுக்குள்ள வயர்ல என்ன அனுப்பணும்னு சொல்லல. அதனால ஒரு கம்பெனியோட ஆர்டிஐயும் இன்னொரு கம்பெனியோட ஆர்டிஐயும் நேரா பேசிக்காது, ஒரே ஃபெடரேஷன்ல சேரணும்னா எல்லாரும் ஒரே ஆர்டிஐ போடணும், இல்லைன்னா நடுவுல பாலம் கட்டணும். இது தெரியாம ரெண்டு பக்கமும் ஹெச்எல்ஏதான, மாட்டினா ஓடும்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு கடைசி வாரத்துல முழிச்சவங்களை நான் பாத்திருக்கேன், பாவமா இருக்கும். அதோட ஹெச்எல்ஏ டேங்க்னா என்னன்னு சொல்லாது, அதை ஃபாம் (ஃபெடரேஷன் ஆப்ஜெக்ட் மாடல்)ங்கிற ஒப்பந்த ஃபைல்ல நீங்கதான் எழுதணும். அப்படி எழுதினதுல நிஜ நேரப் போர்ப் பயிற்சிக்கு அதிகமா ஓடுறது ஆர்பிஆர் ஃபாம், திறந்து பாத்தீங்கன்னா உள்ள இருக்குறது டிஐஎஸ்தான், அதே ஏழு நம்பர் வகை, அதே பூமி மையக் கணக்கு, அதே டெட் ரெக்கனிங். டிஐஎஸ்லேருந்து ஆரம்பிங்கன்னு நான் சொல்றதுக்குப் பெரிய காரணம் இது.

டிஐஎஸ் பழசுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2001ல ஓய்வு பெற்றிருக்கணும்னு உத்தரவு போட்ட பிறகும் 2012ல அதுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. ஏன்னா கேபிளை மாட்டினா பேசும், லைசென்ஸ் சர்வர் வேணாம், நடுவுல யாரும் வேணாம், தப்பு நடந்தா பாக்கெட்டைப் பிடிச்சு கண்ணால பாக்கலாம். மனுஷன் ஓட்டுற வண்டிகள், நிஜ நேரம், ஒரு நூறு இருநூறு வண்டின்னா நான் இன்னைக்கும் டிஐஎஸ்தான் எடுப்பேன். வேகமா ஓட்டணும், திரும்ப ஓட்டினா அதே முடிவு வரணும், ஆயிரக்கணக்குல வண்டி, ஆனா ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம்தான் வேணும்னா யோசிக்காம ஹெச்எல்ஏ.

இந்த வாரமே செய்யக்கூடியது சொல்றேன். ஓப்பன்டிஐஎஸ்னு ஒரு இலவச லைப்ரரி இருக்கு, கலிஃபோர்னியாவுல இருக்குற நேவல் போஸ்ட்கிராஜுவேட் ஸ்கூல் ஆளுங்க செஞ்சது, ஜாவா, சி++, பைத்தான் எல்லாத்துலயும் கிடைக்கும். அதை வெச்சு ஒரே ஒரு டேங்கை அனுப்புற சின்ன ப்ரோக்ராம் எழுதுங்க, வழக்கமா எல்லாரும் போடுற யூடிபி போர்ட் 3000. இன்னொரு மெஷின்ல வாங்கி ஒரு மேப்ல புள்ளியா வரைங்க, டெட் ரெக்கனிங்கும் 12 செகண்ட் கணக்கும் நீங்களே எழுதுங்க, லைப்ரரியை நம்பாதீங்க. வயர்ஷார்க்குக்கு டிஐஎஸ் தெரியும், ஒவ்வொரு பைட்டையும் பேரோட காட்டும், பக்கத்துல ஸ்டாண்டர்டைத் திறந்து வெச்சு ஒப்பிடுங்க. டேங்க் ஆத்துக்குப் பக்கத்து ரோட்ல வேகமா போறப்ப, வளைவு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அனுப்புற மெஷினோட நெட்வொர்க் கேபிளைப் புடுங்குங்க. புள்ளி வளைவுல திரும்பாது, நேரா ரோட்டை விட்டு இறங்கி ஆத்து மேல போயிட்டே இருக்கும், வாய்விட்டு எண்ணுங்க, 12க்குள்ள மறையும்.